கடைக்காரன் சொன்னா நம்புறல்ல, டிக்டொக்கில சொன்னா வாங்குறாங்க

ஃபேன்சிக்கடை (களுவாஞ்சிக்குடி)

எல்லாருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடியில சின்னதா ஃபேன்சிக் கடை ஒண்டு நடத்துறன். கிளிப், வளையல், ஹெயார் பேண்ட், அதோட ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய முகத்துக்குப் பூசுற சாமான். முந்தியெல்லாம் வாறாக்கள், "அண்ணே, முகம் எண்ணெய் வடியுது, என்ன நல்லம்?" எண்டு கேப்பாங்க. நேச்சர்ஸ் சீக்ரெட்ஸ், ஜெனட், போரெவர் எண்டு நாலைஞ்சை எடுத்து மேசையில வெச்சா அதில ஒண்டைத் தூக்கிட்டுப் போவாங்க. இப்ப கடைக்குள்ள ஏறுறதோட போனைத்தான் நீட்டுறாங்க. ஸ்கிரீன்ஷொட். "இது இரிக்கா?" இல்லையெண்டா திரும்பிப் போயிருவாங்க. "நியாசினமைட் எண்ட அதே விற்றமின் இதிலயும் கிடக்கு மகள், பின்னால பாருங்க" எண்டு காட்டினாலும் கணக்கெடுக்கிறல்ல.

கேக்க வந்த விஷயம் வேற. பக்கத்து ஊர்ப் புள்ள ஒண்டு, டிக்டொக்கில நல்ல கூட்டம் வெச்சிரிக்கா. கடைக்கு வந்து, "உங்கட கடையை வீடியோ எடுத்துப் போடுறன்" எண்டா. கேட்ட காசு பெரிசில்ல. ஆனா அவ சொல்ற நைட் கிறீமையும் நான் வெச்சு விக்கணுமாம். வெள்ளை டப்பா, மூடியில பூப்படம் போட்ட ஸ்டிக்கர். வேற ஒரு எழுத்தும் இல்ல. அதில ஒண்டு வித்தா எனக்கு வாற லாபம், மத்த கிறீமில ஒரு டசின் வித்தாலும் வராது. கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் நினைச்சா மனசு அந்தப் பக்கம் சாயுது. ஆர் என்ன சொல்றீங்க?

வாவிக்கரை (வந்தாறுமூலை)

அண்ணே, கோவிக்காதீங்க. உங்கட கண்ணாடி அலுமாரிதான் எங்களைப் போனுக்குத் துரத்தினது.

நான் கெம்பஸ்ல படிக்கிறன். ஒரு சன்ஸ்கிறீன் வாங்கப் போனா நீங்க அலுமாரிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேட்டாத்தான் எடுத்துத் தருவீங்க. பெட்டியைத் திருப்பி ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள "எடுக்கிறதா, இல்லையா?" எண்ட மாதிரி ஒரு பார்வை. பக்கத்தில நிக்கிற அன்ரி, "என்ன மகள், முகமெல்லாம் பரு?" எண்டு கடைக்கே கேக்கக் கேப்பா. போனில அந்தக் கரைச்சல் இல்ல. ராவு ஒரு மணிக்குப் போர்வைக்குள்ள கிடந்து, என்ட முகத்தில இரிக்கிற அதே கறுப்புத் தழும்பு இரிக்கிற ஒருத்திட முகத்தைப் பெரிசாக்கிப் பாக்கலாம். அவ இண்டைக்குப் பூசினா, அடுத்த மாசம் திருப்பிக் காட்டுறா. நீங்க "நல்ல சாமான், எல்லாரும் எடுக்காங்க" எண்டு மட்டும்தானே சொல்வீங்க?

அந்த டப்பா விஷயம் எனக்கும் சரியாப் படல்ல. பார்மசி நானா இந்தப் பக்கம் வருவார், அவர் சொல்லட்டும்.

நேர்மையானவன் (மட்டக்களப்பு)

இதெல்லாம் பொம்புளைப் புள்ளைகளைக் கெடுக்கிற வேலை. எங்கட உம்மா, அம்மாமார் காலத்தில மஞ்சள் பூசினாங்க, அழகா இருக்கல்லயா? லைக்குக்கு ஆசைப்பட்டு முகத்தைக் காட்டி...

ஃபேன்சிக்கடை

தம்பி, குறை நினைக்காதீங்க. என்ட கடையில இப்ப கெதியா முடியிற சாமான் தாடி எண்ணெயும் ஹெயார் வக்ஸும்தான். வாறதெல்லாம் மீசை முளைச்சும் முளைக்காத பொடியன்மார். அவங்களும் போனைத்தான் நீட்டுறாங்க.

பார்மசி நானா (கல்முனை)

கூப்பிட்டதுக்கு வந்துட்டன். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிங்க.

பேரில்லாத டப்பாக் கிறீம் பூசி அஞ்சாறு நாளில முகம் வெளுக்குதெண்டா, அதுக்குள்ள அனேகமா ரெண்டில ஒண்டு இரிக்கும். ஒண்டு ஸ்டெரொயிட். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரித் தோல் வருத்தத்துக்கு டொக்டர் எழுதித் தாற மருந்து. பூசினதும் தோலுக்குக் கீழ இரிக்கிற ரத்தக் குழாய் சுருங்கும், சிவப்பு அடங்கும், முகம் வெளிறும். பாக்கிறவங்க "ஆ, வெள்ளையாகிட்டா!" எண்டுவாங்க. மாசக்கணக்கில பூசினா தோல் மெலிஞ்சு நரம்பு நரம்பாத் தெரியும், கன்னத்தில மயிர் முளைக்கும், பரு கொத்தா வரும். இதுக்குப் பயந்து நிப்பாட்டினா முகம் நெருப்பு மாதிரி எரிஞ்சு சிவக்கும். உடனே என்ன செய்வாங்க? "இந்தக் கிறீம் இல்லாட்டி என்ட முகம் கெட்டுப் போகுது" எண்டு இன்னொரு டப்பா வாங்குவாங்க. யாவாரிக்கு இதை விட நல்ல கஸ்டமர் கிடைக்குமா?

மத்தது பாதரசம். தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனினை உடம்பு உண்டாக்கிறதை அது தடுக்கும். பேருள்ள கம்பெனிகள் கைவிட்டு எவ்வளவோ காலம். மினமாட்டா உடன்படிக்கை எண்டு பாதரசத்துக்கு எதிரா உலக உடன்படிக்கை ஒண்டு இரிக்கு. 2013 இல கையெழுத்தாகி 2017 இல நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில சேந்திரிக்கு. முதல்ல பத்து லட்சத்தில ஒரு பங்குக்கு மேல பாதரசம் இரிக்கிற அழகுசாதனம் 2020 ஓட நிக்கணும் எண்டாங்க. பிறகு 2023 இல ஜெனீவாவில கூடி அந்த எல்லையையும் எடுத்துட்டாங்க. பாதரசம் சேத்த அழகுப் பொருள் எதுவும் 2025 க்குப் பிறகு ஆகாது.

அது காகிதத்தில. நடந்ததைச் சொல்றன். கேரளாவில மலப்புறம் மாவட்டம், கோட்டக்கல்லில கிட்னி டொக்டர்மார் ஒண்டைக் கவனிச்சாங்க. கால், முகம் வீங்கி, சிறுநீரில புரதம் போற ஒரு வகைக் கிட்னி வருத்தம், மெம்பிரனஸ் நெப்ரோபதி எண்டு பேர். 2021 ஜூலையிலருந்து 2023 செப்டம்பர் வரைக்கும் வந்த 22 பேரில 15 பேருக்கு, சாதாரணமாக் குறைவாவே காணுற ஒரு பிரிவு. விசாரிச்சுப் பாத்தா அந்த 15 பேரில 13 பேர் வெள்ளையாகுற கிறீம் பூசினவங்க. கிறீமை நிப்பாட்டினதும் கனபேருக்குக் குணமாகிட்டு வந்திரிக்கு. 2024 இல மருத்துவ சஞ்சிகையிலயும் வந்தது. மலப்புறத்துக்கும் நமக்கும் என்ன தூரம்? அதே வளைகுடாப் போக்குவரத்து, அதே பார்சல், அதே கலியாணப் பயம்.

இன்னொண்டு. பாதரசக் கிறீம் பூசினவட துவாய், தலகணி, கையில எல்லாம் அது ஒட்டும். பூசாத புள்ளைக்கும் போகும். வயித்தில புள்ளை இரிக்கிறவங்க கிட்டயும் போகக் கூடாது.

தம்பி, அந்த டப்பாவைக் கடைக்குள்ள எடுக்காதீங்க. எனக்குச் சொல்ல இரிக்கிறது அவ்வளவுதான்.

கைமட்டும் (காத்தான்குடி)

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஒரு இன்புளுவென்சர்தான், ஏசுறாக்கள் ஏசிக்கோங்க.

என்ட வீடியோவில முகம் வராது, பேரும் வராது. கை மட்டும்தான். புறங்கையில லிப்ஸ்டிக் கோடு போட்டுக் காட்டுவன், பவுண்டேஷனை மணிக்கட்டில தேய்ப்பன், நான் கதைக்கிறது பின்னால கேக்கும். முகமே இல்லாம எப்பிடி இவ்வளவு பேர் பாக்காங்க எண்டு கொழும்பு ஏஜென்ட் ஒருத்தர் ஆச்சரியப்பட்டார். அதில ஆச்சரியப்பட என்ன இரிக்கு? நான் கதைக்கிறது பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நிண்டு கதைக்கிற மாதிரி இரிக்கு, அதான். அவர் எழுதி அனுப்புறதை அப்பிடியே வாசிச்சன் எண்டா ஒரு ஓடரும் வராது.

காசு எப்பிடி வருதெண்டு கேக்கிறாக்களுக்கு: டிக்டொக் பார்வைக்குக் காசு தாற திட்டம் அமெரிக்கா, பிரிட்டன், ஜேர்மனி மாதிரிச் சில நாட்டுக்குத்தான். நமக்கு வாறது கடைக்காரர் தாறதும், நாமளே எடுத்து விக்கிற சாமானில வாற லாபமும். துவக்கத்தில பார்சல் மட்டும்தான் அனுப்புவாங்க, காசில்ல. "சாமான் இலவசம்தானே ராத்தா, ஒரு வீடியோ போடுங்க." கூட்டம் கூடினா வீடியோவுக்கு இவ்வளவு எண்டு பேசலாம். அதிலயும் கொமென்டில மோசமா ஆரும் எழுதினா அழிக்கணும் எண்டு கேக்கிறாங்க. நான் அழிக்கிறல்ல. அதனாலயே ரெண்டு மூணு பேர் திரும்ப வாறல்ல.

செலவு ஆருக்கும் தெரியா. சி.ஓ.டி., அதாவது சாமான் கைக்கு வந்தாப் பிறகு காசு, எண்டு ஓடர் போட்டுட்டு, கூரியர் வீட்டு வாசல்ல நிக்கக்குள்ள "அவ வீட்டில இல்ல" எண்டு திருப்பி அனுப்புவாங்க. புருஷனுக்குத் தெரியாம ஓடர் போட்டிருப்பா, பாவம், அவர் வீட்டில நிக்கக்குள்ள பார்சல் வந்திருக்கும். போற காசும் வாற காசும் என்ட தலையில.

இந்த டப்பாக் கிறீம் எனக்கும் வந்தது. எடுக்கல்ல. அதுக்காக நான் பெரிய ஆள் எண்டில்ல. விக்கிறவங்களை மட்டும் ஏசுறீங்களே, என்ட இன்பொக்ஸை ஒருக்காப் பாருங்க. "ராத்தா, ரெண்டு மாசத்தில கலியாணம், கறுப்பா இரிக்கன், என்ன செய்யலாம்?" இது வராத கிழமை இல்ல. எழுதுறது அனேகமாப் பொண்ணுட உம்மா. மாப்பிள்ளைப் பகுதி பாக்க வந்து, "புள்ள நல்லம்தான், கொஞ்சம் நிறம்தான்..." எண்டு இழுத்துட்டுப் போயிருப்பாங்க. அந்த இழுவைக்குப் பிறகு வீடு, சீதனம் எல்லாத்துக்கும் பேரம் ஏறும். இப்பிடி இரிக்கிற ஊரில டப்பாக் கிறீம் விக்காமக் கிடக்குமா?

அக்கரைப்பற்று பிறைடல்

மேல எழுதின தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை. நான் பொண்ணுகளுக்கு மேக்கப் செய்றன். நாற்காலியில இருந்ததும் பொண்ணு ஒண்டும் கதைக்கிறல்ல, பின்னால நிக்கிற மாமிதான், "கொஞ்சம் வெள்ளையாப் போடுங்க மகள்" எண்டுவா.

இதில பிராண்டுக்காரருக்கும் பங்கு இரிக்கு. பாடகி ரிஹானா 2017 செப்டம்பரில ஃபென்டி பியூட்டி எண்ட பிராண்டைத் துவங்கக்குள்ள பவுண்டேஷன் மட்டும் 40 ஷேட் போட்டா. அதுவரைக்கும் கறுப்பு நிறத்துக்கு ரெண்டு மூணு ஷேட்டோட நிண்ட பெரிய கம்பெனி பலதும் அதுக்குப் பிறகுதான் ஷேட்டைக் கூட்டினாங்க. ஆனா அங்க நாப்பது வந்தா நமக்கு என்ன? இஞ்ச கொண்டு வாறவர் கெதியா விக்கிற ஷேட்டைத்தான் கொண்டு வருவார். அது வெளிர் ஷேட். அலுமாரியில அதுதான் கிடக்கு எண்டு அதையே வாங்குறாங்க, அதையே வாங்குறாங்க எண்டு அவரும் திரும்ப அதையே கொண்டு வாறார். நான் ரெண்டு மூணு போத்தலைக் கலந்துதான் நம்மட நிறத்துக்குக் கொண்டு வாறன்.

கண்ணால கண்டதைச் சொல்றன். போன கிழமை ஒரு பொண்ணு ட்ரயலுக்கு வந்தா, போனில பாத்து வாங்கின பவுண்டேஷனை அவவே பூசிட்டு. ரோஸ் கலந்த வெளிர் ஷேட், நல்ல மாநிறத் தோல். வீட்டு லைட்டில பரவாயில்ல மாதிரித்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினன். முகம் சாம்பல், கழுத்து மண்ணிறம், காதுக்குக் கீழ கோடு போட்டுப் பிரிச்ச மாதிரி. அவட போனையே வாங்கி, முகத்தைத் தானா அழகாக்கிக் காட்டுற பியூட்டி மோடை நிப்பாட்டி ஒரு படம் எடுத்துக் காட்டினன். அது ஓன்ல இரிக்கெண்டே புள்ளைக்குத் தெரியா. முழுக்கக் கழுவிட்டு, தாடை எலும்பு ஓரத்தில மூணு ஷேட்டைக் கோடு கோடா வெச்சு, வெளிச்சத்தில எந்தக் கோடு காணாமப் போகுதெண்டு பாத்தம். காணாமப் போறதுதான் அவட ஷேட். "இவ்வளவு கறுப்பா நான்?" எண்டு கேட்டா. பூசி முடிச்சு கண்ணாடியைப் பாத்தவ ஒண்டும் சொல்லல்ல. அதையே எடுத்து வையுங்க எண்டுட்டுப் போனா.

கைமட்டும் தங்கச்சி, உங்களுக்கும் ஒண்டு. மணிக்கட்டில பவுண்டேஷன் காட்டுறது சரியில்ல. கை நிறம் வேற, முக நிறம் வேற.

கைமட்டும்

சரி ராத்தா. ஆனா முகத்தைக் காட்டவும் ஏலாதே நான். பாப்பம், தங்கச்சிட கழுத்தைக் காட்ட ஏலுமா எண்டு கேக்கன். லிப்ஸ்டிக்குக்குக் கை போதும்தானே?

தோஹா தம்பி (ஊர் நிந்தவூர்)

நான் கத்தாரில. லீவுக்கு வரக்குள்ள வீட்டால வாற லிஸ்ட்டில அரைவாசி ஹுதா பியூட்டி. ஆர் அந்த ஹுதா எண்டு தேடிப் பாத்தன். ஈராக்குப் பெற்றாருக்கு அமெரிக்காவில பிறந்தவ, 2010 இல டுபாயிலருந்து வலைப்பதிவு எழுதத் துவங்கி, 2013 இல ஒட்டுற பொய் இமைமுடி வித்து பிராண்ட் ஆக்கினா. அமெரிக்க டிவி நட்சத்திரம் கைலி ஜென்னர் 2015 இல லிப் கிட் எண்டு லிப்ஸ்டிக் செட் போட்டா. 2019 இல அவட கம்பெனியில 51 வீதத்தை 600 மில்லியன் டொலருக்கு எடுக்க, கொட்டி எண்ட பெரிய அழகுசாதனக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. மொடல் ஹெய்லி பீபர் 2022 இல துவங்கின ரோட் எண்ட பிராண்டை 2025 இல ஈ.எல்.எஃப். கம்பெனி வாங்கக்குள்ள பேசின விலை ஒரு பில்லியன் டொலர் வரைக்கும். அதில 800 மில்லியன் முதல்லயே, மிச்சம் வியாபாரம் போற போக்கைப் பாத்து.

இதை ஏன் சொல்றன் எண்டா, அவங்க சேத்த கூட்டம் அவங்கட சொந்தக் கம்பெனிக்கு உழைக்குது. நம்மட புள்ளைகள் சேத்த கூட்டம் ஆற்றையோ பேரில்லாத டப்பாவுக்கு உழைக்குது. கிறீம் செய்தவர் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியா. முகம் எரிஞ்சா ஏச்சு வாங்குறது அந்தப் புள்ளை. கிடைச்சது ஒரு பார்சல்.

வாவிக்கரை

தோஹா தம்பி சொன்னது எனக்கு இதுவரைக்கும் மனசில படாத கோணம்.

கள்ளச் சாமான் பத்தியும் சொல்லணும். தி ஓர்டினரி எண்ட பிராண்டிட நியாசினமைட் சீரம், 30 மில்லி, அமெரிக்காவில விலை 6 டொலர் அளவில. டொலர் 300 ரூபா எண்டு வெச்சாலும் 1800. அதுக்கு மேல கப்பல், வரி, 18 வீத வற் (VAT) வரி, கடைக்காரர் லாபம். பேஸ்புக்கில அதே போத்தலை 950 ரூபாவுக்கு, டெலிவரியும் இலவசம் எண்டு விக்காங்க. கணக்குப் போட ஒரு நிமிஷம் போதும். போடுறல்ல.

பார்மசி நானா

ஒரிஜினலா இருந்தாலும் நம்மட வெக்கையை மறக்காதீங்க. விற்றமின் சி சீரம் வெயில் பட்டா நிறம் மாறும். கூரியர் வேனில மத்தியானம் முழுக்க வெந்து வந்த போத்தல் மண்ணிறமா இருந்தா காசைக் குடுக்காதீங்க. ரெட்டினோல் எண்ட விற்றமின் ஏ, அமிலம் கலந்த சாமான் எல்லாம் ராவில பூசிட்டு, பகலில சன்ஸ்கிறீன் இல்லாம வயலுக்கும் கடற்கரைக்கும் போனா இரிக்கிற கறுப்பு இன்னும் கூடும். வீடியோவில முதல் பாதியைச் சொல்றாங்க, ரெண்டாவது பாதியைச் சொல்ல நேரம் காணாது போல.

சன்ஸ்கிறீன் நல்ல சாமான்தான், அதில எனக்குப் பேச்சில்ல. வெயில் தடுப்பு அளவு எஸ்.பி.எஃப். 30 எண்டு போட்டிரிக்கிறது, ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும். பயறளவு பூசி வேலையில்ல.

செவ்வரத்தை (ஆரையம்பதி)

எல்லாரும் வெளிநாட்டுச் சாமானையே கதைக்கிறீங்க. நான் வீட்டில தலைக்கு எண்ணெய் காய்ச்சி விக்கிறன். 2022 இல டொலர் இல்லாமப் போய், ஷாம்பு, வாசனைச் சாமான் உட்பட முந்நூறு வகைக்குக் கிட்ட இறக்குமதியை அரசாங்கம் நிப்பாட்டினது ஞாபகம் இரிக்கும். கடையில சாமான் இல்ல, இருந்தாலும் விலை கேட்டா நெஞ்சு அடைக்கும். அந்த நேரம்தான் எனக்குக் கை குடுத்தது. தேங்காயெண்ணெய், செவ்வரத்தம்பூ, கறிவேப்பிலை, நெல்லி, வெந்தயம், கையாந்தகரை. அடுப்படியில நிண்டு போனில எடுத்துப் போட்டன், ஏறாவூரிலருந்து பொத்துவில் வரைக்கும் ஓடர் வந்தது. வாற காசில மகள் டியூசன் போறா. என்னையும் இன்புளுவென்சர் எண்டு அந்தக் கூட்டத்தோட சேக்கிறீங்களா?

பார்மசி நானா

தங்கச்சி, எண்ணெய்க்கு நான் எதிரியில்ல. தண்ணி கலக்காத எண்ணெய் கெதியாப் பழுதாகாது. ஆனா இயற்கை எண்டு சொல்லிக் கத்தாழை ஜெல்லைப் போத்தலில அடைச்சு விக்கிறாங்களே, அது பழுதாகாம இரிக்க ஒண்டும் சேக்காட்டி வெளியில வெச்ச கொஞ்ச நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். உங்கட போத்தலில காய்ச்சின திகதியும், என்ன போட்டீங்க எண்டும் ஒட்டிருக்கீங்களா?

செவ்வரத்தை

போன் நம்பர் மட்டும்தான் ஒட்டினன். திகதியும் ஒட்டுறன். "முடி கொட்டுறது ஏழு நாளில நிக்கும்" எண்டு எழுதச் சொல்லி என்ட தம்பி ஒரே ஆய்க்கினை. அது எழுத மாட்டன்.

நேர்மையானவன்

இவ்வளவு நடக்குது, அரசாங்கம் என்ன செய்யுது?

வாவிக்கரை

வேற நாட்டில என்ன செய்றாங்க எண்டு சொல்றன். இந்தியாவில 2023 ஜனவரியில அரசாங்கத்திட நுகர்வோர் திணைக்களம் வழிகாட்டல் போட்டது: காசோ சாமானோ வாங்கிட்டு வீடியோ போட்டா, அது விளம்பரம் எண்டு அந்த வீடியோவிலேயே பளிச்செண்டு சொல்லணும். பிரான்ஸ் 2023 ஜூனில தனிச் சட்டமே போட்டது. அழகுக்குச் செய்ற சத்திரசிகிச்சையை இன்புளுவென்சர்மார் விளம்பரம் செய்யக் கூடாது, படத்தைத் திருத்தி அழகாக்கினா திருத்தினது எண்டு போடணும். நம்மட ஊர் வீடியோவில "இது விளம்பரம்" எண்டு ஆரும் சொல்லி நான் கேக்கல்ல. "நானே காசு குடுத்து வாங்கினன்" எண்டுதான் எல்லாரும் துவங்குறாங்க.

கைமட்டும்

நான் சொல்றன். "இது கடைக்காரர் தந்தது" எண்டு. சொன்ன பிறகும் ஓடர் குறையல்ல. ஆக்கள் கோவிக்கிறது தந்ததுக்கில்ல, மறைச்சதுக்கு.

அக்கரைப்பற்று பிறைடல்

நேர்மையானவன் தம்பிக்கு: நுகர்வோர் அதிகார சபை இரிக்கு, 1977 க்கு அடிச்சா எடுப்பாங்க. கச்சேரியிலயும் (மாவட்டச் செயலகத்தில) அவங்கட ஆக்கள் இரிக்காங்க. முறைப்பாடு எழுத்தில குடுக்கணும், சாமான் வாங்கி மூணு மாசத்துக்குள்ள. பில்லையும் கேப்பாங்க. அங்கதான் மாட்டுறம். சி.ஓ.டி.யில வாற டப்பாவுக்குக் கூரியர் துண்டு மட்டும்தான், அதில அனுப்பினவர் பேர் எண்டு ஒரு போன் நம்பர் கிடக்கும். ரெண்டு மாசத்தில அதுவும் வேலை செய்யாது. அந்தத் துண்டையும் டப்பாவையும் எறியாம, வீடியோவை ஸ்கிரீன் ரெக்கோர்ட் எடுத்து வெச்சுக்கோங்க.

ஃபேன்சிக்கடை

எல்லாத்தையும் வாசிச்சன். டப்பாக் கிறீமை எடுக்கல்ல எண்டு அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டன். பார்மசி நானா எழுதினதையும் போனில காட்டினன். அவ முகம் கொஞ்சம் மாறினது. தானும் அதைத்தான் பூசுறாளாம், நிப்பாட்டினா எரியுதாம். டொக்டரிட்டக் காட்டு மகள் எண்டன். போவாளோ தெரியா. கடை வீடியோவுக்கு மட்டும் காசு தாறன், கடையில இரிக்கிற சாமானில நல்லதைச் சொல்லு, கூடாததையும் சொல்லு எண்டன். "கூடாததைச் சொன்னா உங்களுக்கு விக்காதே அங்கிள்" எண்டு சிரிச்சா. யோசிச்சுச் சொல்றாளாம்.

வாவிக்கரைத் தங்கச்சி சொன்னதும் மனசில கிடந்தது. அலுமாரியில ஒரு தட்டைத் திறந்து விட்டிரிக்கன், எடுத்துத் திருப்பி வாசிக்கட்டும். களவு போகும் எண்டு வீட்டுக்காரி சத்தம். போனாப் பாப்பம். வாசல் பக்கம் ஒரு கண்ணாடியும் வெச்சன்.

பிறைடல் ராத்தா, நம்மட ஆக்களுக்கு எந்த ஷேட் எடுக்கணும் எண்டு ஒரு லிஸ்ட் தாங்க. கொழும்பு ஏஜென்டிட்டக் கேட்டா, "டார்க் எல்லாம் உங்கட பக்கம் போகாது அண்ணே" எண்டு சிங்களத்தில சிரிக்கான்.

கைமட்டும்

போகும் நானா. கொண்டு வந்தீங்கண்டா ஒரு வீடியோ சும்மாவே போடுறன், காசு வாணாம். ஆனா அது உங்கட சாமான் எண்டு சொல்லித்தான் போடுவன்.

அக்கரைப்பற்று பிறைடல்

ஒரே பெரிய பிராண்டா எடுக்காதீங்க தம்பி, ரெண்டில எடுங்க. ஒவ்வொண்டிலயும் மஞ்சள் சாயல் இரிக்கிற மீடியம், டான், அதுக்கு அடுத்த ரெண்டு ஆழம். ரோஸ் சாயல் வேண்டாம். ஒவ்வொண்டிலயும் ஒரு போத்தலைத் திறந்து, பூசிப் பாக்க டெஸ்டரா வையுங்க, பஞ்சும் தண்ணியும் பக்கத்தில. ஏஜென்டிட்டப் பில் கேட்டு எடுங்க, இறக்குமதி செய்தவர் பேர் பெட்டியில இரிக்கணும். மூணு மாசத்தில விக்காமக் கிடந்தா மிச்சத்தை நான் எடுக்கிறன், எனக்குக் கலியாண சீசன் வருது. விலை மட்டும் கொஞ்சம் பாத்துப் போடுங்க.